யான்ஸி அரண்மனைத் தொடரைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சீன அரண்மனைத் தொடர்களை இதுவரை பார்த்திராத ஒருவர் எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், 2018ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஐச்சீயி என்னும் சீன இணையக் காணொளித் தளத்தில் வெளியான ‘யான்ஸி அரண்மனையின் கதை’யைத்தான் நான் சொல்வேன். அந்த வகைத் தொடர்களில் இதைவிட ஆழமானவை உண்டு. ஆனால் அவ்வகையின் பலமும் பலவீனமும் இதில் தெரிவதுபோல் அவ்வளவு வெளிப்படையாக வேறெதிலும் தெரிவதில்லை என்பதால், புதியவருக்கு இதுவே நல்ல பயிற்சிக் களம். சிங் வம்சத்துப் பேரரசர் சியான்லோங்கின் அந்தப்புரத்தில் நடக்கும் இக்கதை, வெளியான பருவத்திலேயே 1,500 கோடி தடவைக்கு மேல் பார்க்கப்பட்டதாகக் கணக்குச் சொல்லப்பட்டது. மொத்தம் 70 அத்தியாயங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய முக்கால் மணி நேரம். ஐம்பது மணி நேரத்துக்கு மேல் செலவிடப்போகிறவர், எங்கே ஊன்றிப் பார்ப்பது, எங்கே பொறுத்துக்கொள்வது என்று முன்னரே அறிந்திருப்பது நல்லது. ஐந்தாம் படி வரையில் கதையின் பெரிய திருப்பங்களைக் கூடியவரை மறைத்தே எழுதியிருக்கிறேன். ஆறாம் படியை மட்டும் தொடரை முடித்தபின் படிக்கவும்.

முதல் படி: காதல் கதை என்று எண்ணித் தொடங்க வேண்டாம்

விளம்பரப் படங்களில் பேரரசரும் நாயகியும் அருகருகே நிற்பதைப் பார்த்து, இதை அரண்மனைக் காதல் கதையாகவே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். தொடரின் முதல் பாதியில் அந்த இருவருக்கும் இடையே இருப்பதோ பெரும்பாலும் எரிச்சல்தான். 1741இல் கதை தொடங்கும்போது, அரண்மனையில் பணிபுரிந்து மர்மமான முறையில் மாண்டுபோன தன் அக்காளின் சாவுக்கு யார் காரணம் என்று கண்டறிவதற்காகவே வெய் யிங்லுவோ என்னும் இளம்பெண் அரண்மனைப் பூத்தையல் கூடத்தில் பணிப்பெண்ணாகச் சேருகிறாள். ஆகவே இது அடிப்படையில் பழிவாங்கும் கதை. துப்பறியும் கதையின் சாயலும் இதற்கு உண்டு. காதல் பின்னர்தான் வந்து சேருகிறது. என் கருத்தில், தொடரின் மிக வலுவான உறவு ஓர் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் இல்லை. யிங்லுவோவுக்கும் அவளுடைய எஜமானியான பேரரசி ஃபூச்சாவுக்கும் இடையில்தான் இருக்கிறது. பேரரசர் எப்போது மனம் இளகுவார் என்று காத்திருப்பவர் இருபது அத்தியாயங்களில் சலித்துப்போவார். இந்த இரு பெண்களைப் பின்தொடர்பவருக்கு அந்தச் சலிப்பு வராது.

இரண்டாம் படி: பதவிகளையும் இருப்பிடங்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் முதல் ஐந்து அத்தியாயங்களிலேயே விலகிப்போவதற்குக் காரணம் கதை அன்று, பெயர்கள். ஒரே பெண் பதவி உயரும்போதெல்லாம் வேறு வேறு விதமாக அழைக்கப்படுகிறாள். வசன வரிகளும் அதற்கேற்ப மாறிக்கொண்டே போகும். சிங் வம்ச அந்தப்புரத்தின் அடுக்கை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால் இந்தக் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். உச்சியில் பேரரசி ஒருவர். அவருக்கு அடுத்து ‘ஹுவாங் குயிஃபெய்’ ஒருவர், ‘குயிஃபெய்’ இருவர், ‘ஃபெய்’ நால்வர், ‘பின்’ அறுவர். இவற்றுக்குக் கீழே உள்ள ‘குயிரென்’, ‘சாங்ஸாய்’, ‘தாயிங்’ ஆகிய மூன்று நிலைகளுக்கும் எண்ணிக்கை வரம்பு கிடையாது. ஒவ்வொரு நிலைக்கும் உரிய ஆண்டுப்படி, துணி, உணவு, பணியாளர் எண்ணிக்கை எல்லாமே விதிகளால் வரையறுக்கப்பட்டிருந்தன.

எல்லா அரண்மனைத் தொடர்களையும் இயக்குவது இந்த எண்ணிக்கை வரம்புதான். மேலே இடம் காலியாக வேண்டுமானால் யாரோ ஒருவர் விழ வேண்டும். எந்தச் சூழ்ச்சியைப் பார்த்தாலும், இதனால் காலியாகப்போகும் இடம் எது, அதற்குக் காத்திருப்பவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான முடிச்சுகள் தாமாகவே அவிழும்.

இருப்பிடமும் முக்கியம். பெய்ஜிங் அரண்மனை வளாகத்தின் உட்பகுதியில் கிழக்கே ஆறு, மேற்கே ஆறு எனத் துணைவியர்க்கான மாளிகைகள் இருந்தன. தொடரில் பேரரசி ஃபூச்சா மேற்கிலுள்ள சாங்சுன் மாளிகையிலும், அவருக்குப் போட்டியான காவ் துணைவி சூஷியு மாளிகையிலும், பின்னாளில் பெரும் பகையாக வளரும் நாரா துணைவி கிழக்கிலுள்ள செங்சியான் மாளிகையிலும் வசிக்கிறார்கள். மாளிகையின் பெயர், அதன் தலைவி, அவளுடைய நம்பிக்கைக்குரிய பணிப்பெண், அண்ணகர் (ஆண்மை நீக்கப்பட்ட அரண்மனைப் பணியாளர்) என்று நான்கு பத்தியாக எழுதி வைத்துக்கொண்டால் போதும். தலைப்பிலுள்ள யான்ஸி மாளிகைக்கு நாயகி குடிவருவதற்குத் தொடரில் பாதிக்கு மேல் கடந்துவிடும் என்பதால், அதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்னொரு விதியையும் அறிந்திருப்பது நல்லது. அரண்மனைப் பணிப்பெண்கள் 25 வயதானதும் வீடு திரும்பலாம் என்பது அக்கால நடைமுறை. யிங்லுவோவுக்கும் பேரரசியின் தம்பி ஃபூஹெங்குக்கும் இடையே மலரும் அன்பில் ஒரு நம்பிக்கையின் இழை ஓடுவது இந்த விதியால்தான்.

மூன்றாம் படி: முதல் முப்பது அத்தியாயங்களை அவசரமின்றிப் பாருங்கள்

தொடரின் மிகச் சிறந்த பகுதி இது. இங்கே இதன் முதல் பலம் வேகம். முந்தைய அரண்மனைத் தொடர்களில் ஒரு சூழ்ச்சி விதைக்கப்பட்டு, வளர்ந்து, வெடிப்பதற்குப் பதினைந்து அத்தியாயங்கள்கூட ஆகும். இதில் ஒரு சதி தொடங்கி முறியடிக்கப்படுவதற்கு இரண்டு மூன்று அத்தியாயங்களே போதும். இரண்டாவது பலம் நாயகியின் இயல்பு. 2011இல் வெளியாகி இவ்வகைக்கே இலக்கணம் வகுத்த ‘ஜென் ஹுவான்’ தொடரின் நாயகி, வெகுளியாக அரண்மனைக்குள் வந்து, அடிமேல் அடி வாங்கிக் கடினப்பட்டுப்போவாள். யிங்லுவோ முதல் நாளிலிருந்தே கூர்மையானவள். வாங்கிய அடியை அன்றே திருப்பிக் கொடுக்காமல் அவளுக்கு உறக்கம் வராது. அதிகாரமில்லாத ஒரு பணிப்பெண், தன்னை மிதிக்க வருபவர்களை ஒவ்வொருவராக மடக்குவதைப் பார்ப்பதில் உள்ள திருப்தியே இத்தொடரைப் பரப்பியது. அந்தப் பாத்திரத்தில் நடித்த வூ ஜின்யான் அதுவரை பெரிதாக அறியப்படாதவர் என்பதும் இதற்கு உதவியது; முகத்தில் பழைய நட்சத்திரச் சாயல் எதுவும் இல்லாததால் அவரை யிங்லுவோவாகவே பார்க்க முடிந்தது.

ஆனாலும் நான் ஊன்றிப் பார்க்கச் சொல்வது சின் லான் நடித்த பேரரசி ஃபூச்சாவை. யிங்லுவோவுக்கு எழுத்துப் பயிற்சி கொடுத்து, படிக்கச் சொல்லி, அவளுடைய சினத்தைத் தணிக்கப் பார்க்கும் இந்தப் பேரரசி, தான் மட்டும் எதையும் விரும்பியபடி செய்ய முடியாதவர். விதிகளைக் காக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருப்பதால், விதிகளை மீறும் பெண்ணிடம் அவருக்கு ஏற்படும் ஈர்ப்பு, தாயன்பு போலவும் பொறாமை போலவும் மாறி மாறித் தோன்றும். சின் லான் இதைக் குரலை உயர்த்தாமல், பெரும்பாலும் பார்வையைத் தாழ்த்தும் விதத்திலேயே காட்டிவிடுகிறார்.

தொடரின் நகைச்சுவையையும் தவறவிட வேண்டாம். நியே யுவான் நடித்த சியான்லோங், கம்பீரமான காதலனாக இல்லாமல், தற்பெருமையும் சிறுபிள்ளைத்தனமும் கலந்த மனிதனாக வருகிறார். பேரரசருக்குச் சொறி நோய் வந்து அவர் படுத்திருக்கும்போது யிங்லுவோ அவரைப் பராமரிக்கும் அத்தியாயங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உண்மையான சியான்லோங் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கவிதைகளைத் தன் பெயரில் விட்டுச்சென்றவர். பழம்பெரும் ஓவியங்களின் மேல் தன் முத்திரைகளைக் குத்திக்கொண்டே இருந்தவர். அப்படிப்பட்டவரைச் சற்றுக் கேலியாக வரைந்திருப்பது வரலாற்றுக்கு அவ்வளவு தூரமானதும் அன்று.

இங்கேயே ஓர் எச்சரிக்கை. அக்காளின் சாவுக்குப் பின்னால் ஒரு பாலியல் வன்கொடுமை இருக்கிறது. தொடர் அதை ஒரு மர்மத்தின் விடையாகக் கையாளும் அளவுக்கு, ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையாகக் கையாளவில்லை. அந்தக் குற்றத்துக்குரிய தண்டனையையும் கடைசியில் வானத்தின் கையில் ஒப்படைத்துவிடுகிறார்கள். இவ்வளவு புத்திசாலியான நாயகியைப் படைத்துவிட்டு இந்த இடத்தில் எழுத்தாளர் எடுத்த எளிய வழி ஏமாற்றம் தருகிறது.

நான்காம் படி: ஒரு சில அத்தியாயங்களையாவது பெரிய திரையில் பாருங்கள்

கைப்பேசியில் கதை புரியும். ஆனால் தொடரின் பாதிச் சிறப்பு கண்ணில் படாமல் போகும். தயாரிப்பாளர் யூ ஜெங்கின் முந்தைய தொடர்கள் கண்ணைக் கூச வைக்கும் நிறங்களுக்குப் பெயர்பெற்றவை. இதில் அவர் முற்றிலும் மாறி, இத்தாலிய ஓவியர் மொராண்டியின் நிறக்கலவையை நினைவூட்டும் சாம்பல் கலந்த நீலம், மங்கிய பச்சை, தேய்ந்த செம்மை ஆகியவற்றைக் கையாண்டார். அரண்மனைத் தொடர் என்றாலே பொன்னும் சிவப்பும் என்றிருந்த பழக்கத்தை இது உடைத்தது. அதன்பின் வந்த எத்தனையோ தொடர்கள் இதே நிறங்களைப் பின்பற்றின.

பாத்திரங்களின் தலையைக் கவனியுங்கள். பேரரசி ஃபூச்சா முத்தும் மணியும் தவிர்த்து, பட்டிழைப் பூக்களையே சூடியவர் என்று சிங் வரலாற்று ஏடு குறிப்பிடுகிறது. செம்புக் கம்பியின் மேல் பட்டு நூலைச் சுற்றிச் செய்யும் இந்தப் பூக்கள் நான்ஜிங் நகரின் பழைய கைவினை. தொடருக்காக அந்நகரக் கைவினைஞரைக் கொண்டே செய்யப்பட்டவை. ஆடம்பரமான காவ் துணைவியையும் எளிமையான பேரரசியையும் ஒரே சட்டகத்தில் பார்க்கும்போது, ஒரு சொல்கூட இல்லாமல் அவர்களுடைய பகைமை விளங்கிவிடும். சிங் அரச குலத்தின் இனமான மஞ்சூப் பெண்களின் வழக்கப்படி ஒவ்வொரு காதிலும் மூன்று தோடுகள் இருப்பதையும், சிங் வம்சத்தின் கடைசிக் காலத்தில்தான் வந்த பெரிய விசிறி போன்ற தலையணியைத் தவிர்த்திருப்பதையும் பார்க்கலாம். பழைய தொடர்கள் பல, நூறாண்டு பிந்திய அந்தத் தலையணியைச் சியான்லோங் காலத்துப் பெண்களுக்கு மாட்டிவிட்டிருக்கின்றன. உருக்கிய இரும்பை வானில் விசிறி அடித்துப் பொறிகளைப் பூக்கவைக்கும் பழைய வித்தையும் ஓர் அத்தியாயத்தில் வருகிறது. அது வெறும் காட்சி அழகோடு நிற்காமல் கதையின் ஒரு திருப்பத்துக்கே கருவியாவது, கைவினையையும் கதையையும் இணைப்பதில் இத்தொடர் காட்டிய அக்கறைக்குச் சான்று.

ஐந்தாம் படி: நாற்பதைத் தாண்டும்போது எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்

நாற்பதாம் அத்தியாயத்தை ஒட்டித் தொடரின் அச்சு மாறுகிறது. பணிப்பெண்ணாக இருந்தவள் பேரரசரின் துணைவியாகிறாள். முதல் பாதியைத் தாங்கிப் பிடித்தவர்கள் சிலர் விலகுகிறார்கள். தொடரை நிறுத்திவிடலாமா என்ற எண்ணம் பலருக்கும் இங்கேதான் எழுகிறது. நிறுத்த வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் இதன்பிறகு பலவீனங்கள் கூடுதலாகத் தெரியும் என்பதை மறைக்கவும் விரும்பவில்லை.

முதலாவது, நாயகி தோற்பதே இல்லை. அவள் எப்போதும் எதிரியைவிட ஓரடி முன்னால் நிற்பாள் என்று தெரிந்துவிட்ட பிறகு, கணினி விளையாட்டில் ஒரு கட்டத்தை முடித்து அடுத்த கட்டத்துக்குப் போவது போல எதிரிகள் வரிசையாக வந்து வரிசையாக வீழ்கிறார்கள். அச்சம் போய்விட்டால் சூழ்ச்சிக் கதையில் மிஞ்சுவது தந்திரம் மட்டும்தான். இரண்டாவது, எல்லா வில்லிகளும் ஒரே தரத்தில் எழுதப்படவில்லை. சார்மெய்ன் ஷே நடித்த நாரா துணைவி, நியாயமும் நிதானமும் உள்ளவராகத் தொடங்கி, குடும்பத்தில் நேர்ந்த இழப்புகளால் திசைமாறுகிறார். ஒவ்வொரு படியும் நம்பும்படி இருக்கிறது. பேரரசியின் பணிப்பெண்ணான அர்ச்சிங்குக்கோ அப்படிப்பட்ட அடித்தளம் எதுவும் இல்லை. கதைக்கு ஒரு கொடுமைக்காரி வேண்டியிருந்ததால் அவள் கொடுமைக்காரியானாள் என்றே தோன்றுகிறது. கடைசிக் கட்டத்தில் வரும் புதிய துணைவியின் கிளைக்கதையும், ஆண்டுகளைத் தாவிக் கடக்கும் அவசரமும் இதே வகையைச் சேர்ந்தவை. ஐம்பத்தைந்துக்கு மேல் வேகத்தைக் கூட்டிப் பார்த்தாலும் பெரிதாக இழக்கமாட்டீர்கள்.

மூன்றாவது, காதல். ஃபூஹெங்காக நடித்த ஷூ கைக்கும் நாயகிக்கும் இடையே முதல் பாதியில் கட்டப்பட்டது மெல்லியதாகவும் உண்மையாகவும் இருக்கிறது. பேரரசரோடு பின்னர் கட்டப்படுவதோ நகைச்சுவையால் மட்டுமே நிற்கிறது. தன் அக்காளை விழுங்கிய அரண்மனையின் தலைவனை அவள் நேசிக்கத் தொடங்கியது எந்த நொடியில் என்று கேட்டால், தொடரிடம் தெளிவான விடை இல்லை. அவளுடைய நெருக்கம் உத்தியா, அன்பா என்ற கேள்வியைத் தொடர் சாமர்த்தியமாகவே நெடுநேரம் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் கடைசியில் மகிழ்ச்சியான குடும்பப் படம் வேண்டும் என்பதற்காக அதை அவசரமாக மூடிவிடுகிறது.

சீனாவிலேயே இத்தொடர்மீது எழுந்த விமர்சனம் வேறு திசையிலானது. 2019 ஜனவரியில் பெய்ஜிங் நகர நாளேடு ஒன்று, அரண்மனைத் தொடர்கள் ஆடம்பரத்தைப் பரப்புகின்றன, சூழ்ச்சியைப் பெருமைப்படுத்துகின்றன என்று கட்டுரை வெளியிட்டது. அதையொட்டி மாகாணத் தொலைக்காட்சிகள் இதன் மறு ஒளிபரப்பை நிறுத்தின. சூழ்ச்சியைக் காட்டுவதை என்னால் குற்றமாகக் கருத முடியவில்லை. பெண்களை ஒருவர்மேல் ஒருவர் ஏவிவிடும் அந்த அமைப்பை உருவாக்கி நடத்துகிற ஆண், இத்தொடரில் செல்லமாகக் கேலி செய்யப்படுகிறாரே தவிர ஒருபோதும் விசாரிக்கப்படுவதில்லை. என் பார்வையில் இதன் பெரிய குறை அதுதான்.

ஆறாம் படி: முடித்த பிறகு மட்டும் வரலாற்றைத் தேடுங்கள்

பாத்திரங்கள் பெரும்பாலும் உண்மை மனிதர்கள் என்பதால், பார்க்கும்போதே இணையத்தில் பெயரைத் தேடினால் கதையின் முடிவுகள் உடைந்துவிடும். முடித்த பிறகு தேடினால் அதுவே தனி விருந்து.

பேரரசி ஃபூச்சா தொடரில் மகனைத் தீயில் இழந்து மாடத்திலிருந்து குதிக்கிறார். வரலாற்றில் அந்தக் குழந்தை பெரியம்மையால் இறந்தது. சில வாரங்களுக்குப் பின், 1748இல் பேரரசரோடு கிழக்குப் பயணம் போய்த் திரும்பும் வழியில் தேஜோவில் அவர் நோயுற்று மறைந்தார். சியான்லோங்கின் துயரம் எல்லை கடந்தது. துக்கம் சரியாகக் காக்கவில்லை என்று எத்தனையோ அதிகாரிகள் தண்டிக்கப்பட்டார்கள். ஃபூஹெங் இறந்தது 1770இல், பர்மாப் போரில் பற்றிய நோயால். யிங்லுவோவின் மூலமான லிங் துணைவி 1727இல் பிறந்தவர். கதை தொடங்கும் 1741இல் அவருக்குப் பதினான்கு வயதுதான் இருந்திருக்கும். ஆறு குழந்தைகளைப் பெற்று 1775இல் மறைந்த அவருக்கு, அவர் மகன் அடுத்த பேரரசராக அறிவிக்கப்பட்ட 1795இல்தான் பேரரசிப் பட்டம் வந்து சேர்ந்தது.

எல்லாவற்றிலும் சுவையானது நாராவின் வரலாறு. 1750இல் பேரரசியான அவர், 1765ஆம் ஆண்டுத் தெற்குப் பயணத்தின்போது தன் கூந்தலை வெட்டிக்கொண்டார். மஞ்சூ வழக்கில் அது கணவனோ மாமியாரோ இறந்தால் மட்டுமே செய்யத்தக்கது. மறு ஆண்டே அவர் மறைந்தபோது பேரரசிக்குரிய மரியாதைகூட அவருக்குக் கிடைக்கவில்லை. ஏன் வெட்டினார் என்பதற்கு அரசுக் குறிப்புகள் விடை சொல்வதில்லை. அந்த மௌனத்திலிருந்துதான் இந்தத் தொடர் தன் எதிர்நாயகியை எடுத்துக்கொண்டது.

பெய்ஜிங்குக்குப் போகிறவர்கள் அரண்மனை அருங்காட்சியகத்தில் யான்ஸி மாளிகையைப் பார்க்கலாம். தொடரில் கண்ட கட்டடத்தை அங்கே தேட வேண்டாம். 1845இல் அது எரிந்துபோயிற்று. 1909இல் அதே இடத்தில் தொடங்கி முடிக்கப்படாமலே நின்றுபோன இரும்புக் கட்டடம்தான் இப்போது இருக்கிறது. படப்பிடிப்பு நடந்தது ஜெஜியாங் மாகாணத்து ஹெங்தியான் படப்பிடிப்பு நகரில்.

ஏழாம் படி: அடுத்து எது

அதே 2018 ஆகஸ்டில் வெளியான ‘ரூயி’ தொடரை அடுத்துப் பாருங்கள். 87 அத்தியாயங்கள். ஜோ ஷுன் நடித்த அதன் நாயகி வேறு யாருமல்லர், கூந்தலை வெட்டிக்கொண்ட அதே நாரா பேரரசிதான். அதில் கொடியவளாக வருபவளோ இங்கே நாயகியாகக் கொண்டாடப்பட்ட அதே லிங் துணைவி. யான்ஸியைப் பார்த்துக் கைதட்டிய தந்திரங்களை மறுபக்கத்திலிருந்து, அடிபட்டவரின் கண்களால் பார்க்கும் வாய்ப்பு இது. நடை மிக மெதுவானது. காதல் நாளுக்கு நாள் தேய்ந்து மறைவதை அது சொல்வதால், அந்த மெதுவும் காரணத்தோடுதான். யான்ஸி காதலில் விட்ட இடத்தை ரூயி நிரப்புகிறது. ரூயியில் இல்லாத துடிப்பு யான்ஸியில் இருக்கிறது.

மூன்றாவதாக, இயக்குநர் ஜெங் ஷியாவ்லோங்கின் ‘ஜென் ஹுவான்’, 76 அத்தியாயங்கள். மூன்றிலும் அதுவே சிறந்தது என்று நினைக்கிறேன். ஆனால் அதன் வசனங்கள் சொல்லாமல் விடுவதில் வாழ்பவை. அரண்மனை நடைமுறை பழகாதவருக்கு முதல் பத்து அத்தியாயங்கள் வெறும் தேநீர் விருந்துகளாகத் தோன்றக்கூடும் என்பதால்தான் அதைக் கடைசியில் வைக்கிறேன். 90 நிமிட அளவில் ஆறு பகுதிகளாகச் சுருக்கி 2015இல் அமெரிக்காவில் வெளியிட்ட வடிவத்தைத் தவிர்த்துவிட்டு, முழுத் தொடரையே பார்க்கவும். இவ்வளவு நீளமான தொடர்கள் சீனாவில் பின்னர் அரிதாகிவிட்டன. 2020 பிப்ரவரியில் ஒலிபரப்புத் துறை, தொடர்கள் 40 அத்தியாயங்களுக்கு மிகக் கூடாது என்று அறிவுறுத்தியது.

யான்ஸியின் கிளையாக 2019 டிசம்பர் கடைசி நாளில் நெட்ஃபிளிக்ஸில் வந்த ஆறு அத்தியாயக் குறுந்தொடர் ஒன்று உண்டு. யிங்லுவோவின் மகளான இளவரசியைப் பற்றியது. பழைய முகங்களை மறுபடி பார்க்கும் ஆவல் அடங்காதவர்கள் மட்டும் பார்க்கலாம். மற்றவர்கள் அந்த நேரத்தில் ரூயியின் முதல் ஆறு அத்தியாயங்களை முடித்துவிடலாம்.